தவமக்கா பால் வாங்காத ஊர்

தவநாயகி கல்யாணம் பேசும் விதம் லண்டனில் வேறு எவருக்கும் வராது. மற்றவர்கள் சாதகக் கட்டோடும் படக் கட்டோடும் வந்து சோபாவில் சாய்ந்து, மாப்பிள்ளையின் படிப்பில் தொடங்கி மாப்பிள்ளையின் காரில் கொண்டுபோய் முடிப்பார்கள். தவநாயகி அப்படியல்ல. மாப்பிள்ளையைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்னர் அவன் குடியிருக்கும் தெருவுக்கு ஒருமுறை போய் வந்துவிடுவாள். சொல்லாமல் கொள்ளாமல், ஒரு சனிக்கிழமைக் காலையில், கைப்பையில் தெருப்படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடப்பாள். குப்பைத்தொட்டிகள் மூடியிருக்கின்றனவா, சன்னல் சீலைகள் எப்போதாவது தண்ணீரைக் கண்டவையா, பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, எல்லாம் பார்ப்பாள். கடைசியில் மூலைக்கடைக்குள் புகுந்து ஒரு பைன்ட் பால் வாங்குவாள். பால் வாங்க மற்றவர்களுக்கு இரண்டு நிமிடம் போதும். இவளுக்கு அரை மணித்தியாலம் வேண்டும். அவளுடைய ஆங்கிலம் பள்ளிக்கூடச் சமையலறையில் பழகிய ஆங்கிலம்தான். ஆனால் கேட்கிற கேள்வியில் கள்ளம் இல்லாததால் கடைக்காரர்கள் கொட்டித் தீர்த்துவிடுவார்கள். வெளியே வரும்போது அந்தத் தெருவில் எந்த வீட்டில் பொலிஸ் வந்தது, முப்பத்தாறாம் இலக்கத்துத் தமிழ்ப் பெடியன் ரொட்டி வாங்கினால் மிச்சச் சில்லறையோடு ஒரு சிரிப்பும் கொடுக்கிறவனா என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"பெட்டை போட்டோவோடை குடும்பம் நடத்தப்போறதில்லை. அந்த ரோட்டிலைதான் நடக்கப்போறாள். ஆளைப் பாக்க முன்னம் இடத்தைப் பார்" என்பாள்.

பதினொரு வருடத்தில் இப்படி முப்பத்தொரு சம்பந்தம் செய்து வைத்தாள். காசு வாங்குவதில்லை. கல்யாணவீட்டில் ஒரு சேலை கொடுப்பார்கள், அதை மறுக்கமாட்டாள். முப்பத்தொன்றில் ஒன்றுதான் முறிந்தது. அது குரோய்டன் பக்கத்துப் பெடியன். பனி கொட்டியதால் பால் வாங்கப் போகாமல் பேசிய சம்பந்தம் அது. அதற்காக அவள் இன்றுவரை தன்னைத்தான் குறை சொல்கிறாள்.

இலங்கையிலிருந்து எண்பத்துநான்கில் வந்தவள். இல்ஃபோர்டில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. செவன் கிங்ஸில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஓர் அறையும் ஒரு குசினியும். நாற்பத்தாறு வயதாகியும் கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "மற்றாக்களுக்குப் பேசிப் பேசி எனக்கு நேரம் கிடைக்கேல்லை" என்று சிரிப்பாள். எந்த ஊர் என்று கேட்டால், "தெல்லிப்பழைப் பக்கம்" என்பாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். தெல்லிப்பழை என்றால் கோயிலும் தோட்டமும் படித்தவர்களும் உள்ள இடம். மேற்கொண்டு கேட்க எவருக்கும் தோன்றாது.

யாழ்ப்பாணத்து ஆட்கள் ஊர்ப் பெயரைக் கேட்பது அந்த ஊருக்குப் போவதற்காக அல்ல. நீ யார், உன்னை எந்த வாசல்வரை விடலாம் என்று அறிவதற்காக. இதை நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு வைகாசியில் வடலண்டன் எட்மண்டனிலிருந்து கனகாம்பிகை ரெலிபோன் எடுத்தாள். ஒரே மகள் கிரிஜாவுக்கு இருபத்தாறு முடிகிறது. மருந்துக்கடையில் மருந்தாளர் வேலை. லண்டன் மாப்பிள்ளைகள் எவரையும் பிடிக்கவில்லை என்கிறாள், தவமக்கா கொஞ்சம் பார்க்கவேண்டும் என்றாள். கணவர் இராஜேந்திரன் ஊரில் தபாலதிபராக இருந்தவர், இங்கே கவுன்சிலில் எழுதுவினைஞர். கொக்குவிலில் நடுமுற்றம் வைத்த நாற்சார வீடு இருந்த குடும்பம். அந்த நாற்சார வீட்டைக் கனகாம்பிகை கப்பலில் ஏற்றிக் கொண்டுவரவில்லையே தவிர, பேச்சில் எந்நாளும் கொண்டுதான் திரிந்தாள்.

அவர்களுக்குப் பொருத்தமாகத் தவநாயகியிடம் ஒரு சாதகம் இருந்தது. சிவானந்தன், முப்பத்தொரு வயது, பொறியியலாளர். அவனுடைய தகப்பனும் கொக்குவில். எட்டுப் பொருத்தம் சரி. ஒரே சிக்கல், பெடியன் இருந்தது ஆஸ்திரேலியாவில், அடிலெய்ட் நகரத்துக்கு அருகே கிளனெல்க் என்ற இடத்தில். அங்கே போய்ப் பால் வாங்க எந்தச் சனிக்கிழமையும் போதாது.

குரோய்டனை நினைத்துத் தவநாயகி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் முடிந்த கையோடு ரயில் ஏறி, மத்திய லண்டனில் இருந்த ஆஸ்திரேலியப் பயணக் காரியாலயம் ஒன்றுக்குப் போனாள். "விடுமுறைக்கோ?" என்று கேட்ட பெண்ணிடம், "இல்லை, கல்யாணத்துக்கு" என்றாள். அந்தப் பெண் அவளுடைய நரைத்த தலையைப் பார்த்து மனதாரச் சிரித்து, வாழ்த்துச் சொல்லி, இருந்த துண்டுப்பிரசுரங்கள் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டாள். தவநாயகி திருத்தவில்லை.

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு சிவானந்தனுக்கு எடுத்தாள். அங்கே மாலை.

"தம்பி, நான் தவநாயகி. உம்மடை வேலை, சம்பளம் ஒண்டும் எனக்கு இப்ப வேண்டாம். டிராமிலை இருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கிற பாதையைச் சொல்லும்."

இதுவரை பேசிய தரகர்கள் எவரும் அவனிடம் பாதை கேட்டதில்லை. சொல்லத் தொடங்கினான். சொல்லத் தொடங்கியவன் நிறுத்தவில்லை. தொலைபேசி அட்டை தீர்ந்து, அவள் இன்னோர் அட்டை வாங்கி, அதுவும் தீர்ந்தது.

இப்படி ஐந்து ஞாயிறு. ஐந்து ஞாயிறில் தவநாயகி கிளனெல்க்கை ஒரு மூலை விடாமல் நடந்து முடித்தாள். நகரத்து நடுவிலிருந்து சிவப்பு டிராம் கிளம்புகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில் ஓடத் தொடங்கிய அதே பெட்டிகள், உள்ளே மரவேலை. அதற்கு முன்னர் அந்தப் பாதையில் நீராவி ரயில் ஓடியது. அரை மணித்தியாலத்துக்குள் டிராம் கடைகள் நிறைந்த தெருவுக்குள் நுழைந்து, மணிக்கூட்டுக் கோபுரம் உள்ள நகரமண்டபத்தைத் தாண்டி, கடலுக்கு முன்னால் போய் நின்றுவிடும். அதற்கு மேல் தண்டவாளம் இல்லை, இறங்கத்தான் வேண்டும். இறங்கினால் எதிரே கடலுக்குள் நீண்டு போய் முடிகிற நடைபாலம். கரையோரம் உயர்ந்த பைன் மரங்கள். மாலையில் சூரியன் நேரே கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க, நகரத்துச் சனம் பொரித்த மீனும் கையுமாக வந்து உட்கார்ந்துவிடும்.

"உந்தப் பாலம் பழசோ?" என்று கேட்டாள்.

"இல்லை அன்ரி. பழைய பாலம் இதைப்போல ஒண்டரை மடங்குக்கு மேலை நீளம். அதுக்கு மேலை தேத்தண்ணிக் கடை, மீன்காட்சிச்சாலை எல்லாம் இருந்ததாம். நாப்பத்தெட்டாம் ஆண்டு புயல் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போட்டுது. பிறகு இருபது வருசத்துக்கு மேலை பாலமே இல்லை. இப்ப இருக்கிறது அறுபத்தொன்பதிலை கட்டினது."

"இருபது வருசமாச் சனம் பாலம் இல்லாமலும் வந்ததோ?"

"வந்தது அன்ரி. கடல் இருந்ததுதானே."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துவிட்டது. அன்றே மனதுக்குள் பாதிச் சம்பந்தம் முடிந்தது.

அவன் இன்னும் சொன்னான். வெறும் மணல்மேடாகக் கிடந்த இடம். முதன்முதல் வெள்ளைக்காரக் குடியேறிகள் வந்து, வளைந்த ஒரு மரத்தடியில் நின்று ஆளுநரின் பிரகடனத்தை வாசித்தார்கள். அந்த மண்ணுக்குரிய பழைய சனத்தை அப்போது எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னான். அந்த மரம் பட்டுப்போன பிறகும் சிமெந்து பூசி நிறுத்தி, ஒவ்வொரு மார்கழியிலும் அதன் முன்னே கூடி விழா எடுக்கிறார்கள். பிறகு நகரத்துப் பணக்காரர்கள் கடலைப் பார்த்து மாளிகை கட்டினார்கள். முப்பதுகளில் பெரிய களியாட்டப் பூங்கா ஒன்று வந்தது. நாலு வருடத்தில் அதைக் கழற்றி சிட்னிக்கு அனுப்பிவிட்டார்கள். எண்பத்திரண்டில் தண்ணீரில் வழுக்கி விழுந்து விளையாட ஒரு செயற்கை மலையைக் கட்டினார்கள். மண்ணிறத்தில் புற்றுப்போல இருக்கும், ஊரில் பாதிப் பேருக்குப் பிடிக்காது, பிள்ளைகளுக்கு உயிர். தொண்ணூறில் கரையிலேயே பெரிய ஹோட்டல் எழும்பியது. இனிப் படகுத்துறையும் அடுக்குமாடிகளும் வரவேண்டும் என்று ஒரு கூட்டமும், கடற்கரையைக் கெடுக்காதே என்று இன்னொரு கூட்டமும் வருடக்கணக்கில் சண்டை பிடிக்கின்றன.

"நீர் எந்தக் கூட்டம்?"

"நான் மணல் கூட்டம் அன்ரி" என்று சிரித்தான். அவனுடைய வேலையே மணல்தான். அந்தக் கரையில் மணல் வருடம் முழுக்க வடக்கே நகர்ந்துகொண்டே இருக்குமாம். அப்படியே விட்டால் தெற்கே கரை வெறும் கல்லாகிவிடும். ஆகவே வடக்கே சேர்ந்ததை லொறிகளில் அள்ளித் தெற்கே கொண்டுபோய்க் கொட்டவேண்டும். அடுத்த வருடம் அது மறுபடி வடக்கே போகும், இவர்கள் மறுபடி அள்ளுவார்கள். எங்கே எவ்வளவு அள்ளுவது என்று அளந்து சொல்வது சிவானந்தனின் உத்தியோகம்.

கடைசி ஞாயிறு அவள் ஒரு வேலை சொன்னாள். "தம்பி, எனக்காக ஒருக்கால் சந்திக்கடைக்குப் போய்ப் பால் வாங்கும். கடைக்காரர் என்ன சொன்னவர் எண்டு வந்து ஒளிக்காமல் சொல்லும்."

கடைக்காரி ஒரு கிரேக்கக் கிழவி. வியாழக்கிழமைதானே நீ பால் வாங்குகிறவன், இன்றைக்கு வீட்டில் யார் விருந்தாளி என்று கேட்டாளாம். ஒருவருமில்லை என்றதும், உனக்கு விருந்தாளி வரவேண்டிய வயது என்று திட்டி ஒரு பெரிய கேக் துண்டும் கொடுத்தாளாம். தவநாயகி ரெலிபோனை வைத்துவிட்டு, கிளனெல்க் நல்ல ஊர் என்று தீர்ப்பு எழுதினாள்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த ஐந்து ஞாயிறும் அவள் ரெலிபோனை வைத்தபிறகு துண்டுப்பிரசுரத்தில் இருந்த கடலை எடுத்துப் பார்த்தாள். பதினொரு வருடமாகத் தவநாயகி நேரில் கடல் பார்க்கவில்லை. கோயில்காரர் வருடாவருடம் சவுத்எண்ட் கடற்கரைக்குக் கோச் பஸ் ஒழுங்குசெய்வார்கள். புளிச்சாதம் கட்டிக் கொடுத்து எல்லோரையும் ஏற்றி அனுப்பிவிட்டு இவள் நின்றுவிடுவாள். கோச் ஒத்துக்கொள்ளாது என்பாள். உண்மையில் இங்கிலாந்தின் கரை முழுவதும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை எவரும் கவனிக்கவில்லை.

தவநாயகியின் ஊர் தெல்லிப்பழைப் பக்கம் என்பது பொய்யல்ல. அங்கிருந்து வடக்கே சைக்கிளில் போனால் மயிலிட்டி வரும். மயிலிட்டியில் துறைமுகத்தடியில், வலை காயும் வளவுக்குப் பக்கத்தில் அவளுடைய வீடு. தகப்பனுக்குச் சொந்தமாக இரண்டு படகு. எழுபத்துமூன்றில் ஒரு படித்த பெடியன் அவளைத் தையல் வகுப்பில் கண்டு விரும்பி, தாய்தகப்பனை அழைத்துக்கொண்டு பெண் பார்க்க வந்தான். வந்தவர்கள் வாசலில் நின்று அந்தப் பக்கம் படகையும் இந்தப் பக்கம் காயும் வலையையும் பார்த்தார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தார்கள், நல்லாகத்தான் கதைத்தார்கள். அவள் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை மட்டும் குடிக்கவில்லை. மூன்று கோப்பையிலும் ஆடை படிந்து கிடந்தது. அவர்கள் போனபின் தாய் அவற்றைக் கிணற்றடியில் ஊற்றினாள். பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. ஆளைப் பார்க்க முன்னம் இடத்தைப் பார் என்பதைத் தவநாயகி அன்றைக்குத்தான் படித்தாள். இடத்தை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்த ஒருத்தராவது உலகத்தில் இருக்கட்டும் என்று லண்டனில் அதையே தன் வேலையாக்கிக்கொண்டாள்.

ஆனியில் ஒரு சனிக்கிழமை, லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் மாறி, எட்மண்டன் போய்ச் சேர்ந்தாள். பையில் துண்டுப்பிரசுரங்கள், சிவானந்தன் யாரிடமோ இரவல் வாங்கிய கமராவால் எடுத்து அனுப்பிய வீடியோ கசெட். கனகாம்பிகை வடையும் கேசரியும் வைத்திருந்தாள். இராஜேந்திரன் கசெட்டைப் போட்டார்.

பாதி வீடியோ காற்றின் இரைச்சல், மீதியில் சிவானந்தனின் விரல். என்றாலும் எல்லாம் தெரிந்தது. டிராம் வந்து நின்றது. பாலம் வந்தது. செயற்கை மலையில் பிள்ளைகள் வழுக்கிக் கத்தினார்கள். கமரா திரும்பி, மணல் லொறி ஒன்றின் பின்சில்லைக் கனநேரம் காட்டியது. "திஸ் இஸ் மை ஒஃபிஸ்" என்று ஒரு குரல் கேட்டது. கிரிஜா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வீட்டில் கல்யாணப் பேச்சில் அவள் சிரித்தது அதுதான் முதல்தடவை.

"அம்மா, ஐ லைக் திஸ் கை" என்றாள்.

கனகாம்பிகை சிரிக்கவில்லை. திரையில் அலை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அவள் மெல்ல எழுந்து வீடியோவை நிறுத்தினாள்.

"தவமக்கா, இது கடக்கரையெல்லே?"

"ஓம். கடலுக்கு ரெண்டு ரோட்டு தள்ளி வீடு."

"கொக்குவில் ஆக்கள் எண்டு சொன்னியள்."

"கொக்குவில்தான்."

"நல்ல ஆக்கள் எண்டால் ஏன் கடக்கரையிலை போய்க் குடியிருக்கினம்? அதுவும் மண் அள்ளுற வேலை. ஏதோ விசயம் இருக்கு அக்கா. அடிப் பரம்பரை எங்கையோ பிழைச்சிருக்கு."

தவநாயகி பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினாள். அங்கே கடலுக்குக் கிட்டப் போகப் போகத்தான் வீட்டு விலை ஏறும், டாக்குத்தர்களும் வழக்கறிஞர்களும் அங்கே இடம் கிடைக்காமல் திரிகிறார்கள், மணல் அள்ளுவது லொறி, பெடியன் அளப்பது மட்டும்தான் என்றாள். நூற்றைம்பது வருடக் கதையையும் சொன்னாள். இராஜேந்திரன் துண்டுப்பிரசுரத்தில் இருந்த ஹோட்டலைப் பார்த்து, "பெரிய இடம்தான் போல" என்று முணுமுணுத்தார். கனகாம்பிகை அவரைப் பார்த்த பார்வையில் பிரசுரம் மேசைக்குத் திரும்பியது.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள் கனகாம்பிகை.

இரண்டு கிழமை யோசித்தாள். இடையில் ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினாள், பெடியன் கடலை விட்டு ஐந்தாறு மைல் உள்ளே வீடு மாறினால் சம்மதம் என்று. சிவானந்தன், "அன்ரி, அந்தக் கரையிலை நடக்கத்தான் எனக்கு ஆள் வேணும்" என்றான். அதை அப்படியே சொல்ல முடியாமல் தவநாயகி, "பெடியன் மாறமாட்டானாம்" என்று மட்டும் சொன்னாள். இந்த இரண்டு கிழமையில் கிரிஜா செவன் கிங்ஸுக்கு மூன்று தரம் ரெலிபோன் எடுத்துவிட்டாள். "அன்ரி, அம்மா என்ன சொல்லுறா? ஷீ வோன்ட் டெல் மீ எனிதிங்." ஒரு பெட்டை விரும்பிய இடம் இன்னொருத்தரின் முகச்சுளிப்பில் போவதைத் தவநாயகி ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தாள்.

இரண்டாம் கிழமை முடிவில் கனகாம்பிகை கூப்பிட்டாள். தவநாயகி போனபோது கனகாம்பிகையின் முகம் வெளித்திருந்தது. தீர்வு கண்டுபிடித்துவிட்டாள்.

"அக்கா, பெட்டை அவன்தான் எண்டு நிக்கிறாள். சரி, செய்வம். ஆனால் கடக்கரை எண்டு ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. கார்டிலை அடிலெய்ட் எண்டு மட்டும் போடுவம். கேட்டால் நகரத்துக்குள்ளை எண்டு சொல்லுவம். வீடியோவை நீங்களே வைச்சிருங்கோ. கிரிஜாவும் ஆருக்கும் கடலைப் பற்றிக் கதைக்கப்படாது, போட்டோ அனுப்பப்படாது."

கிரிஜா சுவரோடு நின்றாள். விரும்பியது கிடைக்கப்போகிறது, ஆனால் முகத்தில் ஒரு சந்தோசத்தையும் காணவில்லை.

"நீங்களும் ஒரு சொல்லுச் சொல்லவேணும்" என்று கனகாம்பிகை தவநாயகியின் கையைப் பிடித்தாள். "சனம் உங்களைத்தான் கேக்கும். நீங்கள் தெல்லிப்பழை, எங்கடை ஆக்கள். நீங்கள் சொன்னால் நம்புவினம். கடக்கரைச் சனத்தோடை எங்களுக்கு என்ன கொண்டாட்டம், சொல்லுங்கோ."

வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லை. தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். முப்பத்திரண்டாவது கல்யாணம் முடிந்தது. பதினொரு வருடமாக அவள் அந்தத் தலையை எத்தனையோ தரம் ஆட்டியவள்தான். ஆனால் சுவரோடு நின்ற பெட்டையைப் பார்த்தாள். இந்தப் பிள்ளை அந்தப் பாலத்தில் நடந்துவிட்டு வந்து, தாய் ரெலிபோனில் கேட்டால் கடைக்குப் போனேன் என்று சொல்லும். பிறகு பிள்ளைகளுக்கும் சொல்லப் பழக்கும். அப்படி இருப்பது எப்படி என்று தவநாயகிக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"கனகம், பேர் சொல்ல வெக்கப்படுற இடத்திலை பெட்டையைக் குடுக்காதேங்கோ. நான் அப்பிடி ஒரு பேரைப் பதினொரு வருசமா ஒளிச்சு வைச்சிருக்கிறன். நான் தெல்லிப்பழை இல்லை. மயிலிட்டி. துறைமுகத்தடி. என்ரை அப்பா கடலுக்குப் போறவர்."

இராஜேந்திரன் தரையைப் பார்த்தார். கனகாம்பிகை தன் கையைத் தானே பார்த்தாள், சற்றுமுன் பிடித்திருந்த கையை. தவநாயகி எழுந்து, கசெட்டைக் கிரிஜாவிடம் கொடுத்தாள். "இது உன்ரை. ஒளிச்சு வைக்காதை" என்றாள். பிறகு தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். ரயிலில் இறங்கவேண்டிய நிலையத்தைத் தவறவிட்டாள். பயம்தான். அதை வேறு விதமாகச் சொல்லிப் பெருமைப்படுத்த அவளுக்கே விருப்பமில்லை.

செய்தி எட்மண்டனிலிருந்து எங்கள் சனம் நிறைந்த ஈஸ்ட் ஹாமுக்கு வர ரயில் தேவைப்படவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு வீட்டார், "இப்ப அவசரமில்லை அக்கா, பிறகு பாப்பம்" என்றார்கள். இன்னொரு வீட்டார் சாதகத்தைத் தபாலில் திருப்பிக் கேட்டார்கள். ஹை ஸ்ட்ரீட்டில் சேலைக்கடை வாசலில் எப்போதும் கூப்பிட்டுக் கதைக்கிற ஒருத்தி கண்ணாடிக்குள் இருந்த பொம்மையை அப்படி உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரெலிபோன் அடிப்பதை நிறுத்தியது. மூன்று சனிக்கிழமை தவநாயகி ஒரு தெருவிலும் நடக்கவில்லை. அலுமாரியைத் திறந்து, கல்யாணவீடுகளில் கிடைத்த முப்பத்தொரு சேலையையும் எடுத்து வெயில் காட்டி, திரும்ப மடித்து வைத்தாள். இனி ஒன்று வராது என்று நினைத்தபோது அழுகை வந்தது, அழுதாள்.

நாலாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. கீழே இறங்கிக் கதவைத் திறந்தாள். கனகாம்பிகை நின்றாள். தனியே. தலையில் ஸ்கார்ஃப், ஒரு கையில் குடை, மறுகையில் ஒரு பைன்ட் பால்.

"சந்திக்கடையிலை வாங்கினனான்" என்றாள் கனகாம்பிகை. மேலே ஏறி வந்ததும் மூச்சு வாங்கியது. கதிரையில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். சன்னல் சீலையைப் பார்த்தாள், அது தோய்த்திருந்தது. "நீங்கள்தானே சொல்லுறனீங்கள், ஆளைப் பாக்க முன்னம் இடத்தைப் பார் எண்டு. உங்கடை ரோட்டிலை ரெண்டு தரம் நடந்தனான்."

"கடைக்காரர் என்ன சொன்னவர்?"

"அரை மணித்தியாலமா உங்களைப் பற்றித்தான் சொன்னவர். போன மாரிக்கு அவற்றை மனுசிக்குச் சுகமில்லாமல் கிடக்க, மூண்டு கிழமை நீங்கள் சமைச்சுக் குடுத்ததாம். எனக்குச் சொல்லேல்லை."

"அதை என்னெண்டு சொல்லுறது."

கனகாம்பிகை குடையின் கைபிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "மயிலிட்டி எண்டதையும் முன்னமே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தால் கதவு திறந்திருப்பியளோ கனகம்?"

கனகாம்பிகை நல்லவள் என்றோ கெட்டவள் என்றோ நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அவள் பொய் சொல்லவில்லை. "இல்லை" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"கிரிஜா தானே எடுத்து அந்தப் பெடியனோடை கதைச்சுப்போட்டாள். நாலு கிழமையாக் கதை. ரெண்டு பேரும் ஓம். கார்டு அடிக்கக் குடுத்தாச்சு."

"அடிலெய்ட் எண்டுதானே?"

"கிளனெல்க் எண்டுதான். கேட்டால் கடக்கரை எண்டு சொல்லப்போறன். இவருக்கு வரைபடமும் காட்டி வைச்சிருக்கு." குடையைச் சுவரில் சாத்திவிட்டு, "எனக்கு இன்னும் மனம் முழுக்கச் சரியில்லை அக்கா. பொய் சொல்ல விருப்பமில்லை. ஆனால் வந்தனான்" என்றாள்.

தவநாயகி எழுந்து குசினிக்குள் போனாள். கேத்திலைப் போட்டாள். கனகாம்பிகை கொண்டுவந்த பாலின் மூடியைத் திறந்து, இரண்டு கோப்பை தேத்தண்ணி போட்டு, ஒன்றைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். தன் கோப்பையைத் தொடவில்லை. கண் மற்றக் கோப்பையில் இருந்தது. ஆவி போனது. கனகாம்பிகை கல்யாண மண்டபம், சமையல், சிட்னியிலிருந்து வரப்போகிற ஒன்றுவிட்ட தமையன் என்று கதைத்துக்கொண்டே போனாள். தேத்தண்ணியின் மேல் மெல்லிய ஆடை படரத் தொடங்கியது. தவநாயகி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கனகாம்பிகை கதையை நிறுத்தாமலே விரல்நுனியால் அந்த ஆடையை ஒதுக்கிக் கோப்பையின் ஓரத்தில் துடைத்தாள். பிறகு எடுத்து, அடிவரை குடித்தாள்.

"சீனி காணாது அக்கா" என்று கோப்பையை நீட்டினாள். "இன்னொருக்கால் ஊத்துங்கோ."